எங்கள் கையில் அளந்த இருமல்

நீங்களும் என்னைப்போல ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, படி ஏறும்போது முழங்காலைத் திட்டிக்கொண்டு நிற்பவர்களென்றால், ஒரு நிமிடம் இடது கையைத் திருப்பிப் பாருங்கள். தோளிலுள்ள தழும்பைச் சொல்லவில்லை. முழங்கைக்குக் கீழே, உட்பக்கம், நரம்பு நீலமாக ஓடுகிற அந்த வெளிறிய தோல். அங்கே ஒன்றும் இருக்காது. எங்களை அங்கேதான் அளந்தார்கள். அளந்த இடம் அழிந்துபோனது. அளந்ததால் நடந்தவை அழியாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, மடித்து வைக்க இடமில்லாத வலையைப்போல. களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறதற்கு நீங்கள் இருக்கும்போதே.

அது வாடிக்காலம். கற்பிட்டிப் பாதையில் எத்தாளை ஊருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் சின்ன மணல் தெருவின், ஒழுங்கையின், ஆண்கள் பாதிப்பேர் வள்ளமும் வலையும் அரிசி மூட்டையுமாகத் தீவுகளுக்குப் போய், அங்கேயே வாடி போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். வாப்பாவும் போயிருந்தார். அவர்கள் திரும்பும்வரை ஒழுங்கை பெண்களுடையது. கூரைக்குக் கீழே வெங்காயப் பிடிகள் தொங்கும். முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயும். இரண்டு வாசமும் பகலெல்லாம் சண்டை பிடிக்கும். பின்னேரமானால் காற்று இரண்டையும் களப்புத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் வேலியின் ஓலைக் கிடுகைத் தின்றுகொண்டு நிற்கும், நாங்கள் கல்லெறிந்தால் எங்களைப் பார்த்து அலுத்துக்கொள்வதுபோல் ஒரு பார்வை பார்க்கும்.

ராத்தா, என் ஒரே அக்கா, அப்போது பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் இருந்தவள். கற்பிட்டியில் துணிக்கடை வைத்திருந்த வீட்டுப் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிய நிக்காஹ். அதுவரைக்கும் ஒழுங்கையிலுள்ள சின்னப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தாள். பையன்களுக்குப் பள்ளிவாசலில் ஓதல். நாலு பக்கமும் திறந்த விறாந்தை, கடற்காற்று கிதாபின் தாளைத் தானே புரட்டும். எங்களுக்கு ராத்தாவின் அறை. பன்னிரண்டு பேர் சம்மணமிட்டால் முழங்காலும் முழங்காலும் முட்டும். வீதியால் போகிற ஆண்களின் கண் உள்ளே விழக்கூடாதென்று உம்மா ஜன்னலுக்கு உரச்சாக்கு வைத்து ஆணியடித்திருந்தார். கலியாணமாகாத குமர் இருக்கிற வீடல்லவா. சாக்கின் ஓட்டைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக விழும். அந்த ஊசிகளுக்குள் தூசி மெதுவாக ஏறி இறங்கும். எங்கள் மூச்சும் அங்கேயே ஏறி அங்கேயே இறங்கியது. அது எங்களுக்கு அப்போது அழகாக இருந்தது, என்ன செய்ய.

ராத்தாவுக்கு இருமல் இருந்தது. பனி இருமல் என்றார் உம்மா. பனி போனது, வெங்காயத் தூசி என்றார். வெங்காயம் லொறியேறிப் போனது. கலியாணம் நெருங்குகிற பயத்தில் வருகிற இருமல் என்றார். பெயர் மாறிக்கொண்டே இருந்தது, இருமல் மாறவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், இஞ்சிச் சாறு கொடுத்தார், ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார். ராத்தாவின் கன்ன எலும்பு மெல்ல மெல்ல வெளியே வந்தது. "பொண்ணுக்கு வடிவு வருது" என்றார்கள் வந்துபோன பெண்கள். மெலிந்தால் வடிவு.

ஒன்றை மட்டும் உம்மா பழக்கி வைத்திருந்தார். வேலிப் படலையடியில் ஆள் அரவம் கேட்டு, அதே நேரம் ராத்தாவுக்கு இருமல் கிளம்பினால், குசினி அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"சத்தமா ஓதுங்க, புள்ளயள்!"

நாங்கள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கூரை அதிர ஓதுவோம். இருமல் அதற்குள் மூழ்கிப்போகும். வெளியே நிற்பவர், "மாஷா அல்லாஹ், புள்ளயள் எவ்வளவு உசாரா ஓதுது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மூச்சைத்தான் இப்போது நினைக்கிறேன். எவ்வளவு ஆழமாக இழுத்தோம்.

வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் முஸ்லிம் சனம் அந்தக் காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் கிடுகுக் கொட்டில்களில் இருந்தது. காம்ப் என்போம். அவர்களின் பிள்ளைகள் எங்கள் வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதலில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவை எங்கள் கைகள்தான். பிறகு கிணற்றுத் தண்ணீர் குறைந்ததும் முகங்கள் மாறின. "அங்கால தண்ணி குடிக்காத, கண்ட வருத்தமும் வரும்" என்று உம்மா எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கசநோய் பார்க்க ஊசி போடுகிறார்களாம் என்று கதை வந்தபோது, ஒழுங்கை முழுதும் ஒரே பேச்சு: காம்புக்காரர்களால்தான் இது.

ஒரு காலை சாம்பல் நிற வேன் மணலில் புதைந்து, பையன்கள் தள்ள, பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் இருவர். டொக்டர் அம்மா, எங்களுக்கு நோனா, சிங்களம் மட்டும் பேசுபவர், குடையை மடிக்காமலே நடந்தார். மற்றவர் ஒரு மிஸ், சிலாபப் பக்கத்து வேதக்காரப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, எங்கள் தமிழும் பேசுவார், நோனாவின் சிங்களமும் பேசுவார். மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்குப் பெட்டி கொதித்தது, அதற்குள் கண்ணாடி ஊசிகள் ஒன்றோடொன்று தட்டிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தத்தை இப்போது எங்கும் கேட்க முடியாது. மருந்து தோலுக்குக் கீழே போகவில்லை, தோலுக்குள்ளேயே நின்றது. நுளம்பு கடித்ததுபோல வெளுத்து ஒரு சின்னக் குமிழ்.

"சொறியப்படாது. சுண்ணாம்பு வைக்கப்படாது, மஞ்சள் வைக்கப்படாது. மூணு நாளில வந்து பாப்பம்" என்றார் மிஸ்.

"பாத்து?" என்று கேட்டாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"அளப்பம்."

"என்னத்துக்கு மிஸ்?"

"பெரியாக்கள் வருத்தத்த ஒளிப்பாங்க, மகள். சின்னாக்களிட கை ஒளிக்காது."

எங்களுக்கு விளங்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னபோது பெரியவர்களுக்கும் விளங்கவில்லை. எங்கள் உம்மாமாருக்குத் தெரிந்த ஊசி ஒன்றுதான்: குழந்தைக்குத் தோளில் போடுவது. அது வீங்கித் தழும்பு விழுந்தால்தான் ஊசி பிடித்தது, விழாவிட்டால் திரும்பப் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பலரும் வீட்டில் பிறந்தவர்கள், தோளில் தழும்பே இல்லாதவர்கள். ஆகவே அடுத்த நாள் எங்கள் முன்கைகள் சிவந்து தடித்துக் கல்லுப்போல எழும்பியபோது, ஒழுங்கையில் பெருநாள்தான்.

"என்ட புள்ளக்கிப் புடிச்சிரிக்கி!"

"என்டவக்கும் பாருங்க, ரொட்டி மாதிரி!"

பையன்களின் கைகளில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. காம்புப் பிள்ளைகளின் கைகள் வழுவழுவென்று இருந்தன. நாங்கள் விடவில்லை. "உங்கட ஒடம்புல ஊசி கூட நிக்காது" என்று ஒருத்தி பள்ளிக்கூடக் கிணற்றடியில் சொன்னாள். காம்புப் பெண்ணொருத்தி தன் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு நிக்கவும் இடமில்லை, ஊசிக்கு எங்க இடம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏன் எங்களுக்கு மட்டும் பிடித்தது? விடையை உம்மாதான் கண்டுபிடித்தார். வீங்கியவர்கள் எல்லாரும் ராத்தாவிடம் ஓதுகிறவர்கள். "ஓதுற கை. அல்லாஹ்ட பரக்கத் இறங்கியிரிக்கி" என்றார். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு மாமி வந்தார். அவருடைய மூத்த மகள் ஓத வராதவள். கை தட்டையாக இருந்தது. மாமி முகம் வாடிப்போய், "இவளயும் சேத்துக்கங்க மகள்" என்று ராத்தாவிடம் மூத்தவளைத் தள்ளிவிட்டார். பின்னாலேயே மூக்குச் சளியோடு அவளது தங்கையும் வந்தாள், இன்னும் சரியாகப் பேச்சு வராதவள். "இவளும் அக்காவ வுட்டு இரிக்க மாட்டா. ஒரு மூலையில கிடக்கட்டும்."

மூலையில் கிடக்கவில்லை. ராத்தாவின் மடியில் ஏறிவிட்டாள். ராத்தா அவளுடைய தலையில் தாடையை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஓதிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அளந்தார்கள். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடிப்பைத் தடவுவார். சிவப்பை விட்டுவிட்டுக் கடினம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடுவார். இரண்டு ஓரத்திலும் பேனையால் புள்ளி வைப்பார். பிறகு கண்ணாடி மாதிரி ஒரு சின்ன அடிமட்டத்தை வைத்து இலக்கம் சொல்வார். வெளியே வந்தவர்கள் சோதனைப் புள்ளி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டோம்.

"ஒனக்கு எத்தினை?"

"பதினேழு."

"நூத்துக்கா?"

"தெரியா. ஆனா ஒனக்கு முட்டைதானே!"

பையன்கள் முட்டை. காம்ப் முட்டை, ஒன்றிரண்டைத் தவிர. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் வரிசையாக வந்தபோது மிஸ்ஸின் குரல் மெதுவாகி, பிறகு நின்றுபோனது. நோனா குனிந்து எங்கள் கைகளைத் தானே தடவிப் பார்த்தார். ஏதோ கேட்டார். மிஸ் திருப்பிக் கேட்டார்:

"நீங்க எல்லாரும் ஒரு வீடா?"

"இல்ல மிஸ்!"

"அப்ப எங்க சேந்து இரிக்கிற?"

"ராத்தாட்ட ஓதுறம் மிஸ்!" எல்லாக் குரலும் ஒரே குரல். ஒருத்தி பெருமையோடு சேர்த்துச் சொன்னாள்: "அதனாலதான் எங்களுக்கு ஊசி புடிச்சிரிக்கி!"

மிஸ் அதை நோனாவுக்குச் சொன்னார். நோனா சிரிப்பார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, நாங்கள் ஓதிக்கொண்டிருக்கும்போது, இருவரும் மணலில் நடந்து எங்கள் படலைக்கு வந்தார்கள். அறைக்கும் வெளியே விறாந்தைக்கும் இடையில் ஒரு சேலைத் திரைதான். நான் திரையோரம் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"வீட்டில ஆருக்கும் இருமல் இரிக்கா உம்மா?"

"இல்லயே. எல்லாரும் நல்ல சொகம்."

நேரம் பார்த்து ராத்தாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. உம்மா திரும்பாமலே குரல் கொடுத்தார்:

"சத்தமா ஓதுங்க, புள்ளயள்!"

ஓதினோம். ராத்தா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிற்று. மடியிலிருந்த சின்னவள் அது விளையாட்டென்று நினைத்து முந்தானையை இழுத்தாள். வெளியே மிஸ் குரலை உயர்த்தினார்.

"புள்ளயளிட கையில கிருமி தெரியுது உம்மா. அதுகளுக்கு இப்ப வருத்தம் இல்ல, உள்ளுக்கு நித்திரை கொள்ளுது. ஆனா சும்மா வராது. ஒரு பெரிய ஆள் இருமியிரிக்கோணும், மூடின அறையில, நாளெல்லாம். நாங்க ஊர் ஊரா எண்ணித்தான் போறம், எந்தப் பக்கம் மருந்தும் ஆளும் அனுப்பணும் எண்டு. ஆளத் தேடுறது எங்கட வேலையில்ல. ஆனா இதக் கண்டுட்டு எப்படிப் போற?"

"காம்புல போய்ப் பாருங்க மிஸ். அங்கதான் இந்த வருத்தமெல்லாம்."

"அங்க பாத்துட்டுத்தான் வாறம். அந்தப் புள்ளயளிட கை சுத்தமா இரிக்கி."

நாங்கள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தோம். பிறகு உம்மாவின் குரல் நான் அதற்குமுன் கேட்டிராத அளவுக்குத் தாழ்ந்து வந்தது.

"குமர் ஒண்ட வச்சிரிக்கிறன் மிஸ். பெருநாளைக்கு நிக்காஹ். இந்தக் கதை கற்பிட்டிக்குப் போனா அவட வாழ்க்கை முடிஞ்சிது. நீங்களும் பொம்புளதானே."

மிஸ் இதுவரை ஒவ்வொரு வரியையும் நோனாவுக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர். இந்த வரியைச் சொல்லவில்லை. நோனா "என்ன, என்ன" என்று கேட்டும் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டும் சொன்னார்:

"பெரிய ஆளுக்கு மருந்து குடிச்சா மாறும் உம்மா. சின்னப் பச்சப் புள்ளக்கிப் போனா, மூளைக்கு ஏறும். அது மாறாது."

அறைக்குள் ராத்தா கையை உயர்த்தினாள். ஓதல் நின்றது. சின்னவளை மடியிலிருந்து தூக்கினாள், ஒட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, திரைக்கு வெளியே விறாந்தையில் இறக்கிவிட்டாள். பிறகு வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். அந்தப் பருவம் முழுக்க எங்கள் குரலுக்குள் ஒளித்து வைத்திருந்த இருமல் எல்லாம் அப்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆள் முன்னால் வராத என் ராத்தா, திரையை விலக்கி நின்றாள்.

"எதுல துப்பணும் சொல்லுங்க மிஸ்."

மிஸ்ஸிடம் சளி எடுக்கும் குப்பி இல்லை. எண்ண வந்தவர்களிடம் அது எப்படி இருக்கும். நாளைக்குக் காலையில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். நோனா ராத்தாவின் தோளில் கை வைத்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதை மிஸ் மாற்றிச் சொல்லவில்லை, தேவைப்படவுமில்லை. உம்மா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சம்தான் நீளம். புத்தளம் பஸ்ஸில் ராத்தாவும் உம்மாவும் கடைசி ஆசனத்தில் போய் வந்தார்கள். நோய் உறுதியானது. மருந்தில் அவளுடைய சிறுநீர் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் போனதைக் கண்டு உம்மா இரத்தம் என்று அலறினார். எங்களுக்கும் மாத்திரை கொடுத்தார்கள், மாதக்கணக்கில். மாமியின் சின்னவளுக்கு அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒழுங்கைப் பெண்கள் எங்கள் வேலியைக் கடக்கும்போது கழுதையைக் கண்டு விலகுபவர்கள்போல மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். சண்டை பிடித்திருந்தால் உம்மா பதில் சொல்லியிருப்பார்.

கற்பிட்டியிலிருந்து ஒரு பெண் வந்து, ஊற்றிக் கொடுத்த பிளேன்டியைக் குடிக்காமல், செய்தியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். பையன் சவுதிக்குப் போகப் போகிறானாம், இப்போதைக்குக் கலியாணம் வேண்டாமாம். பையன் எங்கும் போகவில்லை. அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கப் போனபோது கடையில் முழக்கோலோடு நின்றான். எனக்கும் அளந்து கொடுத்தான்.

வாப்பா தீவிலிருந்து வந்தார். யாரையும் ஏசவில்லை. அறைக்குள் போய், ஜன்னல் சாக்கின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே விழுந்தபோது அறை இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

மருந்து முடிந்து, இனிப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் ஓத ஒருவரும் வரவில்லை. ராத்தா பின்னேரங்களில் பாயை விரித்து வைப்பாள், மஃரிப் தொழுகைக்குச் சுருட்டுவாள். ஒருநாள் காம்பிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் வாளி தூக்கிக்கொண்டு போனவளின் தாய்.

"தங்கச்சி, பிள்ளைக்கு ஓதிக் குடுப்பியளோ?"

"நான் வருத்தக்காரி எண்டு தெரியுமா?" என்றாள் ராத்தா.

"ஓம், எல்லாரும் சொன்னவை. வேணுமெண்டே கூப்பிட்டுச் சொன்னவை." அவள் ராத்தாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஜன்னல் திறந்துதானே கிடக்கு?"

"திறந்துதான்."

"அப்ப சரி. எங்களையும் கண்டால் சனம் விலத்தித்தான் போகுது. ஆளுக்கு ஆள் விலத்திக்கொண்டு எவ்வளவு தூரம் போறது?"

உம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. பாய் மட்டும் அன்று சுருட்டப்படாமல் கிடந்தது, அந்தப் பிள்ளை போன பிறகும்.

எங்கள் பதினேழுகளும் முட்டைகளும் எங்கோ ஒரு பெரிய கணக்கில் கரைந்திருக்கும். விடை எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு எப்போதோ, இருமுகிறவர்களின் சளியைப் பார்க்க எங்கள் பக்கம் ஆள் வரத் தொடங்கியது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதற்குக் காசு தேவையில்லை.

ராத்தாவுக்குப் பிந்தித்தான் கலியாணம் நடந்தது. காம்பிலிருந்து கரைத்தீவுப் பக்கம் குடிபோன, மனைவியை இழந்த ஒருவர். நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. இரண்டு பிள்ளைகள். உம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தது அந்த வீட்டில்தான். நான் கிழமைக்கொருமுறை போவேன். உம்மாவுக்குப் பல முகங்கள் மறந்துவிட்டன, என் முகத்தையும் சேர்த்து. மிஸ் வந்த அந்தப் பின்னேரம் மட்டும் மறக்கவில்லை. ஒருநாள் நான் போனபோது, அவரைச் சாய்த்து உட்கார வைத்து ராத்தா கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உம்மா அவளையே பார்த்து, யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணிடம் முறையிடுவதுபோல் சொன்னார்:

"அந்த ஊசிக்காரி மட்டும் வராம இருந்திருந்தா, என்ட மூத்த மகள் நல்லா இருந்திருப்பா. கற்பிட்டியில கடைக்கார வீட்டுல. அவள்தான் புள்ளட வாழ்க்கய அழிச்சிட்டுப் போயிட்டா."

எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. ராத்தா என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள், வேண்டாம் என்று. கரண்டியைச் சட்டி விளிம்பில் வழித்தாள்.

"ஓம் உம்மா, நல்லா இருந்திருப்பா. இப்ப வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது."

உம்மா வாயைத் திறந்தார்.